ரீபில்டும் ரீமேப்பும் முடிஞ்ச 1.3 மல்டிஜெட்: எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், புன்ட்டோ, லீனியா, விஸ்டா, மான்சா, இத்தனை வண்டிலயும் உள்ள இருக்குறது ஒரே ஃபியட் 1.3 டீசல் தான், 1248 சிசி. மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே விட்டுட்டாங்க, அதனால ரோட்ல ஓடுறது எல்லாம் இப்ப வயசான வண்டி. இன்ஜின் இறக்க வேண்டிய நேரம் வந்ததும் "இறக்கினது இறக்கியாச்சு, அப்படியே பவரையும் கொஞ்சம் ஏத்திருவோம்"னு ரிங், பேரிங் மாத்தும்போதே ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூல இருக்குற ஃபைல மாத்துறது), பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காத்த ஆத்துறது)னு எல்லாத்தையும் ஒரே வீச்சுல பண்ணிடறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வண்டி திரும்ப வரும். இழுக்கல, புகை, ஆயில் குடிக்குது, திரும்பத் திரும்ப இதே அஞ்சாறு கம்ப்ளெயின்ட் தான். எல்லாத்துக்கும் வெளிய சொல்லி அனுப்புற ஒரே பதில் "டர்போ போச்சுங்க". பாதிக்கு மேல அது டர்போவே இல்ல, டர்போவுக்குப் போற காத்து இல்லைனா ஆயில். அதனால கீழ எல்லா இடத்துலயும் டர்போ கடைசில தான் வரும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். எரர் கோடு மட்டும் படிக்கிற குட்டி ரீடர் போதாது, ஓடும்போது பூஸ்ட் (டர்போ தர்ற கூடுதல் காத்தழுத்தம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தம்) எல்லாம் காட்டுற ஸ்கேனர் வேணும். இன்னொன்னு, ரீமேப் பண்ணினவர்கிட்ட ஸ்டாக் ஃபைல், அதாவது கம்பெனில வந்த ஒரிஜினல் ஃபைல் வாங்கி வச்சுக்கோங்க. சந்தேகம் வந்தா முதல்ல ஸ்டாக் ஃபைல ஏத்தி ஓட்டிப் பாருங்க. கோளாறு அப்படியே இருந்தா அது நட்டு போல்ட்டு சமாச்சாரம், போயிருச்சுன்னா ஃபைல் சமாச்சாரம். இத பண்ணாம ஒவ்வொரு கோளாறையும் மேப்ப மாத்தி மாத்தி மறைக்கிறவங்ககிட்ட வண்டிய விடாதீங்க.

இழுவையே இல்ல, பூஸ்ட் வரல

இன்ஜின் ஆஃப்ல, சாவி மட்டும் ஆன். ஸ்கேனர்ல மேப் சென்சார் (ரீமேப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இது மேனிஃபோல்டு காத்தழுத்தத்த அளக்குற சென்சார்) ரீடிங்க பாருங்க. இன்ஜின் ஓடாதப்ப அது வெளிய இருக்குற காத்தழுத்தத்தத் தான் காட்டணும். சென்னைல 1010 மில்லிபார் பக்கம், கோயமுத்தூர்ல 960 சொச்சம், ஊட்டில 770 சொச்சம். அதுக்கு ரொம்ப தள்ளி இருந்தா சென்சார் தான் பொய் சொல்லுது, பெரும்பாலும் கரியும் ஆயிலும் சேந்து அடைச்சிருக்கும், கழட்டி கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு காய வச்சு மாட்டுங்க. இன்னொன்னு, ஸ்கேனர் காட்டுறது மொத்த அழுத்தம். 2200னு காட்டினா பூஸ்ட் 1.2 பார் தான், 2.2 இல்ல. இத தப்பா படிச்சுட்டு ராத்திரி தூங்காதவங்க நிறைய.

சென்சார் சரி, ஆனா பூஸ்ட் கேக்குற அளவுக்கு ஏறல. ஓஸ். டர்போல இருந்து இன்டர்கூலர், அங்க இருந்து மேனிஃபோல்டு வரைக்கும் ஒவ்வொரு ஜாயின்ட்டா கை விட்டு அடிப்பக்கம் தடவுங்க, ஈரமா ஆயில் பிசுபிசுப்பு எங்க இருக்கோ அங்க தான் லீக். பழைய ரப்பர் ஓஸ் ஸ்டாக் பூஸ்ட்ட தாங்கிருக்கும், ரீமேப் ஆனதும் லோடுல மட்டும் வாயத் திறக்கும், நிறுத்தி வச்சு எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் தெரியாது. அதனால ஏர் ஃபில்டர் பக்கத்து பைப்ப ஒரு மூடிய வச்சு அடைச்சு, டயர் வால்வு மாட்டி கம்ப்ரசர் காத்து விட்டு, சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க. 1 பாருக்கு மேல போகாதீங்க, மூடி பறந்து வந்து மூஞ்சில அடிக்கும், நேரா நிக்காதீங்க. ஆயில் மூடி பக்கம் லேசா உஸ்ஸுன்னு வந்தா பரவால்ல, அது வால்வு, ரிங் வழியா போற காத்து.

லீக் இல்ல. ஏர் ஃபில்டர கழட்டிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா ஃபில்டர மாத்திட்டு அதோட விடுங்க, ஃபில்டர் இல்லாமயே சுத்தாதீங்க. அடுத்து ஆக்சுவேட்டர், டர்போவோட பூஸ்ட்ட கட்டுப்படுத்துற ராட அசைக்கிறது. இந்த இன்ஜின் 75, 90 பிஎஸ் (குதிரைத் திறன்)னு ரெண்டு விதமா வந்துச்சு. 75 பிஎஸ் வண்டில பூஸ்ட் காத்தே வேஸ்ட்கேட்ட (அதிகப்படி எக்ஸாஸ்ட்ட டர்போ வீலுக்குப் போகாம திருப்பி விடுற கதவு) தள்ளும், அந்த ராடு இன்ஜின் ஆஃப்ல இழுத்துப் பிடிச்ச மாதிரி மூடி இருக்கணும், லூஸா ஆடினா பூஸ்ட் எல்லாம் அது வழியா சைலன்சருக்குப் போயிருது. 90 பிஎஸ்ல விஜிடி (உள்ள இருக்குற வேன்ங்கிற சின்னத் தகடுங்க கோணம் மாறுற டர்போ), அது வேக்கம்ல வேலை செய்யும். ஸ்டார்ட் பண்ணினதும் ராடு மேல இழுக்கணும், ஆஃப் பண்ணினா இறங்கணும். இழுக்கலைன்னா வேக்கம் ஓஸ் எங்கயாவது வெடிச்சிருக்கும், இன்ஜின் இறக்கி ஏத்தும்போது உடையுற முதல் பொருளே அந்தச் சின்ன ஓஸ் தான்.

75 வண்டில விஜிடி டர்போவ கொண்டு வந்து மாட்டினவங்க, சோலினாய்டு, வயரிங், ஈசியூ ஃபைல் மூணும் சேந்து மாறினா தான் அது வேலை செய்யும். டர்போ மட்டும் மாட்டிட்டு ராட கம்பி போட்டு கட்டி வைக்கிறது டியூனிங் இல்ல.

இதுவும் சரி, ஆனா காலைல ஸ்டார்ட் ஆகவும் கொஞ்சம் அடம் பிடிக்குது. டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டிருக்கலாம். மார்க் பாத்து குத்துமதிப்பா மாட்டக்கூடாது, கிராங்க்கையும் கேமையும் லாக் பண்ற டூல் போட்டுத் தான் மாட்டணும். இங்க இருந்து வீட்டு வேலை இல்ல, டூல் இருக்குற மெக்கானிக்கிட்ட விடுங்க. வண்டிய ஓட்டிட்டுப் போகாதீங்க, டோ பண்ணிட்டுப் போங்க, வால்வு பிஸ்டன்ல இடிச்சா பண்ணின ரீபில்டு மொத்தமும் வீண்.

கறுப்புப் புகை

பிரிச்சுப் பாக்குற கேள்வி ஒன்னு தான்: புகையோட பவர் இருக்கா இல்லையா.

பவர் இல்ல, புகை இருக்கு. காத்து குறையுது. மேல இருக்குறதுக்குத் திரும்பப் போங்க, அதோட ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட்ல கொஞ்சத்த திரும்ப இன்டேக்குக்கு விடுறது) கரி பிடிச்சு திறந்தே நிக்குதான்னும் பாருங்க.

பவர் செம்மயா இருக்கு, பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியல. ஃபைல்ல டீசல் ஜாஸ்தி, அவ்ளோ தான். சிலருக்கு அது கெத்தா இருக்கு. ஆனா அந்தக் கூடுதல் டீசல் எரியுற சூடு நேரா பிஸ்டன் தலையிலயும் டர்போலயும் தான் இறங்குது. எக்ஸாஸ்ட் சூடு பாக்குற புரோப டர்போவுக்கு முன்னாடி மாட்டி ஒரு மலை ஏறிப் பாருங்க, 750 டிகிரிக்கு மேல போய் அங்கயே நின்னா மேப்ப குறைக்கச் சொல்லுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறினா போதும், கொல்லிமலை 70 கொண்டை ஊசி வரைக்கும் போக வேண்டாம்.

ஐடில்லயும் புகை, லேசா உதறல். இன்ஜெக்டர். ரீபில்டுல நாலையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு வச்சு, திரும்ப மாட்டும்போது எது எந்த சிலிண்டர்னு தெரியாம மாட்டுற வேலை சாதாரணமா நடக்குது. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் ஒரு கோடு நம்பர் பொறிச்சிருக்கும், அது ஈசியூல அதே சிலிண்டருக்கு பதிஞ்சிருக்கணும். ஸ்கேனர்ல வரிசை சரியான்னு பாருங்க, தப்பா இருந்தா டைப் பண்ணி மாத்திடலாம், காசே இல்ல. அது சரின்னா ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டர் திருப்பி அனுப்புற டீசல அளக்குறது), நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன்லயும் டியூப் சொருகி நாலு ஒரே அளவு பாட்டில்ல விட்டு கொஞ்ச நேரம் ஐடில்ல ஓட விடுங்க. ஒன்னு மட்டும் மத்ததோட ரெண்டு மடங்கு நிரம்பினா அந்த இன்ஜெக்டர பெஞ்ச்சுக்கு அனுப்புங்க. டெஸ்ட் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டு எதையும் தொடாதீங்க, அந்த அழுத்தத்துல பீச்சுற டீசல் தோலுக்குள்ள இறங்கிரும், இறங்கிட்டா வலிக்கலைனாலும் உடனே ஆஸ்பத்திரி.

நீலப் புகை, ஆயில் குறையுது

இதுல தான் அநியாயமா டர்போ மாத்துறாங்க. புகை எப்ப வருதுன்னு ரெண்டு நாள் கவனிங்க, அதுலயே பாதி தெரிஞ்சிரும்.

காலைல ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பஃப், அப்புறம் இல்ல. வால்வு சீல். ரீபில்டுல மாத்தலையோ, மாத்தும்போது உதடு கிழிஞ்சுதோ. ஓட்டலாம், ஆயில் லெவல் பாத்துக்கிட்டே ஓட்டுங்க.

சிக்னல்ல நின்னுட்டு கிளம்பும்போது மொத்தமா கக்குது. டர்போவுக்குள்ள ஆயில் தேங்குது. ஆனா ஏன் தேங்குதுன்னு பாக்கணும். டர்போல இருந்து சம்ப்புக்கு (இன்ஜின் அடில இருக்குற ஆயில் தொட்டி) இறங்குற டிரெயின் பைப்ல ஆயில் தானா வழிஞ்சு தான் இறங்கும், எந்த பம்ப்பும் தள்ளுறதில்ல. அந்த பைப் மடங்கிருந்தாலோ, கேஸ்கெட்டுக்குப் பதிலா பேஸ்ட்ட அள்ளி அப்பி அது உள்ள பிதுங்கி பாதி ஓட்டைய அடைச்சிருந்தாலோ ஆயிலுக்குப் போக்கிடம் இல்ல, சீல் வழியா வெளிய வந்துரும். முதல்ல அந்த பைப்ப கழட்டி உள்ள லைட் அடிச்சுப் பாருங்க.

டிரெயின் சரி. ஐடில்ல ஆயில் ஊத்துற மூடிய திருகிட்டு எடுக்காம சும்மா மேல வைங்க. லேசா ஆடினா ஓகே. துள்ளிக் குதிச்சு புகையும் வந்தா கிராங்க்கேஸ்ல பிரஷர் ஏறிருக்கு, டர்போ டிரெயின கீழ இருந்து அந்த பிரஷர் தான் தடுக்குது. பிரீத்தர் பைப் அடைச்சிருக்கான்னு பாத்து கிளீன் பண்ணுங்க. அடைப்பு இல்லாமயே துள்ளுதுன்னா ரிங் சீட் ஆகல. இந்த நிலைமைல புது டர்போ போட்டா அதுவும் ஆயில் தான் கக்கும், எத்தன போட்டாலும்.

எப்பவும் புகை, லோடு குடுத்தா ஜாஸ்தி. ரிங். ஆனா ஹெட்ட கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, ரீபில்டுக்கு அப்புறம் எப்படி ஓட்டினீங்க? "புது இன்ஜின், பொத்திப் பாத்துக்கணும்"னு மணிக்கணக்கா ஐடில்ல விட்டு, நாப்பதுலயே ஊருக்குள்ள உருட்டிட்டு இருந்தா ரிங் போர்ல உக்காரவே உக்காராது, போர் கண்ணாடி மாதிரி ஆயிரும். ரிங் உக்கார லோடு வேணும். சூடானதுக்கு அப்புறம் மூணாவது நாலாவது கியர்ல 1800ல இருந்து 3000 வரைக்கும் முக்கால் ஆக்சிலேட்டர்ல இழுத்து, கால எடுத்து அப்படியே கியர்லயே இறங்க விட்டு, திரும்பவும். ஸ்டாக் ஃபைல்ல பண்ணுங்க, ரீமேப்ல வேண்டாம். கொஞ்ச தூரம் இப்படி ஓட்டியும் குறையலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டருக்கும் நடுவுல பத்து பதினஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா, இல்ல நாலுமே கம்மின்னா, திரும்ப இறக்கி ஹோனிங் பண்ணி புது ரிங். அது லேத்துக்காரர் வேலை, போர் அளவு எழுதிக் குடுக்குற லேத்தா பாத்து குடுங்க.

சாவிய ஆஃப் பண்ணியும் இன்ஜின் நிக்கல, ரேஸ் ஏறிக்கிட்டே போகுது

இத மட்டும் இப்பவே படிச்சு மனசுல வச்சுக்கோங்க, நடக்கும்போது தேடிப் படிக்க நேரம் இருக்காது. இன்ஜின் டீசல்ல ஓடல, இன்டேக்ல வர்ற ஆயில்ல ஓடுது, அதனால சாவிக்குக் கட்டுப்படாது.

பிரேக்க முழுசா மிதிச்சு, அஞ்சாவது கியர் போட்டு, கிளட்ச்ச படக்குன்னு விட்டு ஆஃப் பண்ணுங்க. கிளட்ச் போனா போகட்டும். அது முடியலைன்னா வண்டிய விட்டு இறங்கி தள்ளிப் போயிருங்க. தீயணைக்கிற சிஓ2 சிலிண்டர் கைல இருந்தா ஏர் இன்டேக்குக்குள்ள அடிக்கலாம், துணியையோ கையையோ வச்சு அடைக்கப் போகாதீங்க, உள்ள இழுத்துரும்.

இதுக்குக் காரணம் பல தடவ பழைய டர்போ போனப்ப இன்டர்கூலர்ல தேங்கின ஆயில கொட்டாம புது டர்போ மாட்டுறது. டர்போ மாத்தினா இன்டர்கூலர கழட்டி கவுத்து, ஆயில் போக அலசி, நல்லா காய வச்சுத் தான் மாட்டணும். ஒருக்கா இப்படி ஓடின இன்ஜின திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, நேரா மெக்கானிக்.

வெள்ளைப் புகை

குளிர்ல ரெண்டு நிமிஷம் வந்து நின்னா குளோ பிளக் பாருங்க. கண்ணு எரியுற டீசல் வாடைன்னா இன்ஜெக்டர், இல்லைனா அதுக்கு அடில இருக்குற காப்பர் வாஷர், பழசையே திரும்பப் போட்டிருப்பாங்க. இனிப்பு வாடை, கூலன்ட் குறையுது, ராத்திரி ஆறின வண்டில காலைல மேல் ரேடியேட்டர் ஓஸ் கல்லு மாதிரி இருக்குன்னா ஹெட் கேஸ்கெட். கூலன்ட் மேல வச்சுப் பாக்குற நீலத் தண்ணி டெஸ்ட் இருக்கு, நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறினா உறுதி. பவர் ஏத்தின இன்ஜின்ல ஹெட் போல்ட் பழசு போட்டா இது வரும், அது ஒரு தடவ நீண்டா திரும்பாத போல்ட். கேஸ்கெட்லயும் தடிமன் வேற வேற இருக்கு, பிஸ்டன் பிளாக்க விட்டு எவ்வளவு மேல வருதுன்னு டயல் கேஜ் வச்சு அளந்து தான் வாங்கணும், கடைல குடுத்தத வாங்கிட்டு வந்து மாட்டக்கூடாது. கண்டுபிடிச்ச நிமிஷமே வண்டிய நிறுத்துங்க, அலுமினிய ஹெட், ஒரு தடவ சூடேறினா வளைஞ்சிரும்.

புதுசா போட்ட டர்போவும் போயிருச்சு

மூணாவது வாங்குறதுக்கு முன்னாடி போனத பிரிச்சுப் பாருங்க, செத்த டர்போ காரணத்த சொல்லிட்டுத் தான் சாகும்.

ஷாஃப்ட் பேரிங் உக்கார்ற இடத்துல நீலம் பூத்திருக்கு. ஆயில் போகல. நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்துக்கு மேல சுத்துற பொருள், சில நொடி ஆயில் இல்லைன்னா முடிஞ்சுது. ஃபீட் பைப் பழசா? உள்ள கரி பிடிச்சு ஊசி ஓட்டை தான் மிச்சம் இருக்கும், ஊதிப் பாத்து காத்து போகுதுன்னு திருப்திப் படாதீங்க, அந்த பைப்பையும் பேஞ்சோ போல்ட்டையும் புதுசா வாங்குங்க. மாட்டும்போது டர்போ வாய்ல கொஞ்சம் ஆயில் ஊத்தி கையால சுத்தி விட்டு, இன்ஜெக்டர் பிளக்க கழட்டிட்டு ஆயில் லைட் அணையுற வரைக்கும் செல்ஃப் அடிச்சு, அப்புறம் தான் ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணிப் பாக்குற கை இருக்கே, அத கட்டிப் போடுங்க.

பேரிங்ல கோடு கோடா கீறல். ஆயில்ல அழுக்கு. ரீபில்டுக்கு முன்னாடி பேரிங் தேஞ்ச தூள் பிளாக் ஆயில் வழிக்குள்ளயே தங்கிருக்கு. ஆயில் ஃபில்டர வெட்டி பேப்பர விரிச்சு வெயில்ல பாருங்க, மினுமினுன்னு இருந்தா சம்ப்ப இறக்கி ஸ்ட்ரெயினரையும் பாக்கணும். மெட்டல் தூள் நிறைய இருந்தா டர்போவ மறந்துருங்க, பிளாக்க திரும்ப பிரிச்சு கேலரி பிளக் எல்லாம் எடுத்து கழுவணும், வேற வழி இல்ல.

கம்ப்ரசர் பிளேடு நுனி கடிச்ச மாதிரி. ஏதோ உள்ள போயிருக்கு. நட்டு, பழைய பிளேடு துண்டு, ஃபில்டர் பாக்ஸ் சரியா மூடாம வந்த மண்ணு.

டர்பைன் பக்கம் பிளேடு சுருண்டோ வெடிச்சோ இருக்கு, ஆனா பேரிங் நல்லா இருக்கு. ஓவர் ஸ்பீடு, இல்லைனா ஓவர் சூடு. இதுல மலைக் கணக்கு ஒன்னு இருக்கு. கோயமுத்தூர்ல டியூன் பண்ணின ஃபைல் 2400 மில்லிபார் கேக்குதுன்னு வைங்க, வெளிக்காத்து 960, டர்போ அத ரெண்டரை மடங்கு அமுக்கினா போதும். அதே ஃபைல் ஊட்டில 770 காத்த எடுத்து மூணு மடங்குக்கு மேல அமுக்கப் பாக்கும். சின்ன ஸ்டாக் டர்போ அங்க தான் எல்லை தாண்டும். அடிக்கடி மலை ஏறுறவங்கன்னா உயரத்துக்குத் தக்க பூஸ்ட் குறையுற மாதிரி ஃபைல்ல இருக்கான்னு டியூனர்கிட்ட கேளுங்க. என்ன கேக்குறீங்கன்னே புரியலைன்னா வேற ஆள பாருங்க.

இன்னும் பிரிக்காத டர்போன்னா, ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டினா கொஞ்சம் ஆடும், அது நார்மல். முன்னாடி பின்னாடி இழுத்தா ஆட்டம் தெரியவே கூடாது.

சத்தம்

பூஸ்ட் ஏறும்போது மட்டும் உஸ்ஸுன்னு காத்துச் சத்தம்னா ஓஸ். போலீஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினா டர்போ வீல் ஹவுசிங்ல உரசுது, ஓட்டாதீங்க. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் முன்பக்கம் கரகரன்னு ரெண்டு நொடி வந்து நின்னா செயின் டென்ஷனர், அது ஆயில் பிரஷர்ல வேலை செய்யுறது, முதல்ல ஆயில் லெவலும் கிரேடும் பாருங்க. சம்ப்ல மூணு லிட்டர் சொச்சம் தான் ஆயிலே, அரை லிட்டர் குறைஞ்சாலே இந்த இன்ஜினுக்குப் பெருசு. கீழ இருந்து கட்டு கட்டுன்னு, லோடுல அதிகமாச்சுன்னா பிக் எண்ட் பேரிங். அந்த இடத்துலயே ஆஃப், வீடு வரைக்கும் கூட வேண்டாம்.

ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல

டர்போவே இல்ல, கிளட்ச். 75 பிஎஸ் வண்டில ஸ்டாக் டார்க் (இழுவிசை) 190 நியூட்டன் மீட்டர் பக்கம், ரீமேப்ல அது நல்லா தாண்டிரும், பழைய பிளேட் பிடிக்காது. காலி ரோட்ல நாலாவது கியர், 1500 ஆர்பிஎம், முழு ஆக்சிலேட்டர். 2000 தாண்டும்போது முள்ளு திடீர்னு எகிறி வண்டி அப்படியே போனா முடிவு தெரிஞ்சுது. இன்ஜின் இறக்கும்போதே கிளட்ச் மாத்திருந்தா லேபர் மிச்சம், மாத்தலையா, இப்ப கியர்பாக்ஸ இறக்கணும்.

ஹைவேல திடீர்னு செத்துருது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுது

லிம்ப் மோடு, கோளாறு தெரிஞ்சதும் ஈசியூ பவர குறைச்சுக்குது. எரர் கோடு என்னன்னு பாருங்க.

பி0299, பூஸ்ட் கம்மி. முதல் பகுதிக்குப் போங்க.

பி0234, பூஸ்ட் ஜாஸ்தி. 75 வண்டில ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன காத்து ஓஸ் கழண்டிருந்தா வேஸ்ட்கேட் திறக்காது. இல்ல யாராவது ராட முறுக்கி டைட் வச்சிருப்பாங்க, மரைல புது கீறல் தெரியும். விஜிடின்னா வேன் கரி பிடிச்சு இறுகிருச்சு, வேக்கம் பம்ப் வச்சு ராட மெதுவா இழுத்து விட்டுப் பாருங்க, நடுவுல சிக்கினா கழட்டி கிளீன் பண்ணணும். ரெண்டுமே இல்லைன்னா ஃபைல் கேக்குறதே ஓவர்.

பி0087, ரெயில் பிரஷர் கம்மி. டீசல் ஃபில்டர மாத்துங்க, அதுலயே பல வண்டி சரியாகும். அடுத்து ஓட்டிக்கிட்டே, பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு, கேட்ட பிரஷரும் வர்ற பிரஷரும் பாக்கச் சொல்லுங்க. ஐடில்ல 250, 300 பார் நிலையா நின்னு, மிதிச்சா மட்டும் பின்தங்கினா முதல்ல இன்ஜெக்டர் ரிட்டர்ன், அப்புறம் ரெகுலேட்டர். அதுவும் சரின்னா ஹை பிரஷர் பம்ப், அத வீட்ல பிரிக்காதீங்க, காமன் ரெயில் பெஞ்ச் இருக்குற பம்ப் கடைக்குக் குடுங்க. குடுக்கும்போது டேங்க்கையும் கழுவச் சொல்லுங்க, பம்ப் தேஞ்ச தூள் டேங்க் வரைக்கும் போயிருக்கும், அத விட்டா புது பம்ப்போட நாலு இன்ஜெக்டரும் சேந்து போகும்.